‘புரொரோக்’: ஒரு வினைச்சொல்லும் அதன் அயற்சொற்களும்

பாராளுமன்றச் செய்திகளைத் தமிழில் எழுதுவோருக்கும் அவற்றை வாசிப்போருக்கும் ஒருங்கே இடர் விளைவிக்கின்ற ஆங்கில வினைச்சொற்களுள் ‘புரொரோக்’ முதன்மையானது. வீட்டிலோ கடைத்தெருவிலோ எவரும் இதனை உச்சரிப்பதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிலும் பெரும்பாலானோர் ஆண்டுக்கணக்கில் இச்சொல்லைப் பயன்படுத்தாமலே வாழ்ந்துவிடுகின்றனர். அரசியல் நெருக்கடி மூளும்போது மாத்திரம் வர்த்தமானி அறிவித்தலில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகும் சொல் இது. ஆயினும் 2001, 2003, 2018 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டின் அரசியல் போக்கைத் திசைதிருப்பிய பிரகடனங்களில் இவ்வினைச்சொல் இடம்பெற்றிருந்தது. அம்மூன்று வேளைகளிலும் தமிழ் வாசகருக்குக் கிடைத்த சொல் பெரும்பாலும் ‘ஒத்திவைப்பு’ என்பதே. இச்சொல் அப்பொருளைத் தாங்குமா என்பதே இங்கு நாம் ஆராய விழைவது.

சொல்லின் பிறப்பிலேயே ஒரு விந்தை இருக்கின்றது. இதன் மூலமாகிய இலத்தீன் வினைக்கு நீட்டித்தல் என்பதே பொருள். ‘ரொகாரே’ என்றால் கேட்டல். மக்களிடம் கேட்டு அவர்களது சம்மதத்துடன் ஒருவரது பதவியை நீடிப்பது என்ற கருத்தில், பண்டைய உரோமானியர் அதற்கு முன்னொட்டு ஒன்றைச் சேர்த்து வழங்கினர். உரோமில் கொன்சல் பதவி ஓராண்டுக்கு உரியது. கி.மு. 326 ஆம் ஆண்டில், நேப்பிள்ஸ் நகர்ப்புறத்தில் போர் நடத்திக்கொண்டிருந்த குயின்டஸ் புப்ளிலியஸ் பிலோ என்பவரது ஆண்டு முடிவடைந்தபோது, முற்றுகையை நடுவில் கைவிட இயலாத நிலையில் அவரது படைத்தலைமை நீடிக்கப்பட்டது. உரோம வரலாற்றில் இத்தகைய நீடிப்புக்கு முதலாவது எடுத்துக்காட்டாக அதனையே சொல்வார்கள். பின்னாளில் ‘புரொகொன்சல்’ எனப் பெயர் பெற்ற பதவியின் தொடக்கமும் அங்கேதான்.

இலத்தீனின் வழிவந்த ஏனைய மொழிகளில் இப்பழம்பொருள் இன்றும் அழியாதிருக்கின்றது. பிரெஞ்சு மொழியில் தவணை ஒன்றை நீடிப்பதற்கு இதே வினையைத்தான் கையாள்கின்றனர். ஸ்பானிய மொழியில் உதைபந்தாட்டப் போட்டியில் வழங்கப்படும் மேலதிக நேரத்தின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே. சர்வதேச நீதிமன்றத்தின் வழக்குகளைப் படிப்போர், ஒரு நாடு பிற்பாடு அளிக்கும் சம்மதத்தினால் நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் விரிவடைவதைக் குறிக்க இவ்வேரிலிருந்து தோன்றிய இலத்தீன் தொடர் ஒன்று வழங்குவதை அறிவார்கள். 1948 ஆம் ஆண்டின் கோர்பூ கால்வாய் வழக்கு அதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும்.

ஆங்கிலத்துக்குள் இச்சொல் 15 ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. தொடக்கத்தில் நீட்டித்தல், தள்ளிப்போடுதல் ஆகிய இரு பொருள்களிலும் வழங்கியது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ, மாடக் காட்சியில் மரணம் தள்ளிப்போவதைக் குறிக்க இதே வினையைத்தான் பயன்படுத்துகின்றான். ஒரு பாராளுமன்றத்தின் அடுத்த சந்திப்பைத் தள்ளிவைத்தால் இப்போதைய கூட்டம் தானே முடிவுக்கு வந்துவிடுமல்லவா? அவ்வாறுதான் நீட்டித்தலைக் குறித்த சொல் நிறுத்துதலைக் குறிக்கத் தலைப்பட்டது. பிற பொருள்கள் யாவும் காலப்போக்கில் உதிர்ந்துபோக, இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு எஞ்சியிருப்பது ஒரேயொரு வேலைதான்: பாராளுமன்றத்தைக் கலைத்துவிடாமல் அதன் கூட்டத்தொடரை முடிவுக்குக் கொண்டுவருதல்.

இச்சொல்லின் ஆட்சி மிகவும் குறுகியது என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு எழுவாயாக வருவோர் மன்னர், ஜனாதிபதி, ஆளுநர் போன்ற அரச தலைமையினரே. செயப்படுபொருளாக வருவது சட்டவாக்க சபை ஒன்றே. கிரிக்கெட் போட்டியையோ திருமணத்தையோ ‘புரொரோக்’ செய்ய இயலாது. கூட்டுறவுச் சங்கமொன்றின் செயலாளர் தமது பொதுக்கூட்டம் ‘புரொரோக்’ செய்யப்பட்டதாக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினால், ஆங்கிலமறிந்தோர் நகைப்பார்கள். ஆனால் அதே செயலாளர் தமிழில் ‘பொதுக்கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்றெழுதினால் எவரும் நகைக்கமாட்டார்கள். இரு சொற்களும் நிகரானவை அல்ல என்பதற்கு இதுவே போதிய சான்று.

அகராதிகளைப் புரட்டினால் இதற்கு ஒருபொருட் சொற்களாக ‘அட்ஜேர்ன்’, ‘சஸ்பெண்ட்’, ‘போஸ்ட்போன்’, ‘டிபெர்’ முதலியன வரிசையாகத் தரப்பட்டிருக்கும். பொதுவான ஆங்கில நடைக்கு அவ்வரிசை பயன்படலாம். சட்டத்துக்கும் அரசியலுக்கும் அது பெருங்கேடு. ‘போஸ்ட்போன்’, ‘டிபெர்’ இரண்டும் இன்னும் தொடங்காத ஒன்றைப் பிற்போடுவதைக் குறிப்பன. தொடங்கி நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு அவை பொருந்தா. ‘சஸ்பெண்ட்’ என்பது தொங்கவிடுதல் என்ற மூலப்பொருளுக்கேற்ப, நடந்துகொண்டிருக்கும் அமர்வைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதற்கும், நிலையியற் கட்டளையொன்றையோ உறுப்பினர் ஒருவரையோ இடைநிறுத்துவதற்கும் உரியது. இவற்றை வேறுபடுத்துவது கடினமன்று. உண்மையான சிக்கல் ‘அட்ஜேர்ன்’ என்பதில்தான் இருக்கின்றது.

‘அட்ஜேர்ன்’ என்ற சொல், ‘ஒரு நாளுக்கு’ என்று பொருள்தரும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. இன்றைய அலுவலை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது என்பதே அதன் உட்பொருள். சபை தனது அமர்வைத் தானே இவ்வாறு ஒத்திவைத்துக்கொள்கின்றது. கூட்டத்தொடர் அறுபடுவதில்லை, குழுக்கள் கூடலாம், ஒழுங்குப் பத்திரம் உயிருடனிருக்கும். ‘புரொரோக்’ என்பதோ சபைக்கு வெளியேயிருந்து வருவது. அரச தலைமை அதனைச் செய்கின்றது, சபையின் இணக்கம் கேட்கப்படுவதில்லை. கூட்டத்தொடர் அத்துடன் முடிகின்றது. சுருங்கச் சொன்னால், முன்னது வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வது. பின்னது வேறொருவர் வந்து பூட்டுப் போடுவது.

இவ்வேறுபாட்டுக்காக ஆங்கிலேயர் கைகலந்தே இருக்கின்றனர். 1629 மார்ச் 2 ஆம் திகதி, முதலாம் சார்ள்ஸ் மன்னரின் கட்டளைப்படி சபையை ஒத்திவைக்க முனைந்த சபாநாயகர் ஜோன் பின்ச், ஆசனத்திலிருந்து எழ முடியாதவாறு உறுப்பினர்களால் பிடித்து இருத்தப்பட்டார். ஒத்திவைப்பது சபையின் உரிமையே தவிர மன்னரின் உரிமையன்று என்பதே உறுப்பினர்களின் வாதம். அவர் எழ முடியாதிருந்த அந்நேரத்துக்குள் மூன்று தீர்மானங்கள் வாசித்து ஏற்கப்பட்டன. எட்டு நாட்களின் பின்னர் மன்னர் பாராளுமன்றத்தையே கலைத்துவிட்டு, பதினோராண்டுகள் பாராளுமன்றமின்றி ஆட்சிசெய்தார்.

அவரது மகன் இரண்டாம் சார்ள்ஸ் கலைக்கவில்லை. 1675 நவம்பரில் கூட்டத்தொடரை முடித்துவைத்து, 1677 பெப்ரவரி வரை, ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் பாராளுமன்றத்தைக் கூட்டாதிருந்தார். ஓராண்டுக்கு மேற்பட்ட முடித்துவைப்பு கலைப்புக்கே சமன் என்று வாதிட்ட ஷாப்ட்ஸ்பரி பிரபுவும் வேறு மூன்று பிரபுக்களும் இலண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். முடித்துவைப்புக்குக் காலவரையறை இல்லையெனில் அது எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு இது நல்ல பாடமாகும்.

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்தோர் இப்பாடத்தை அறிந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். அதன் 70 ஆவது உறுப்புரை, பாராளுமன்றத்தைக் கூட்டவும், அதன் கூட்டத்தொடரை முடித்துவைக்கவும், அதனைக் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரமளிக்கின்றது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வினைகள். முடித்துவைக்கும் பிரகடனம் அடுத்த கூட்டத்தொடருக்கான திகதியைக் குறித்தல் வேண்டும், அத்திகதி இரண்டு மாதங்களுக்கு மேற்படலாகாது. இடையில் அதற்கு முந்திய திகதியொன்றுக்குப் பாராளுமன்றத்தை அழைக்கவும் ஜனாதிபதியால் இயலும். ஆனால் அப்பிரகடனத்துக்கும் கூடும் நாளுக்கும் இடையே மூன்று நாட்களேனும் இருத்தல் வேண்டும். முடிவுறாத அலுவல்கள் அடுத்த கூட்டத்தொடரில் தொடரப்படலாம் என்றும் அவ்வுறுப்புரை கூறுகின்றது. தொடரப்பட வேண்டும் என்று கூறவில்லை.

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு இயங்கின என்பதை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன. 2001 ஜூனில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்திலிருந்து விலகியதனால் பொதுஜன ஐக்கிய முன்னணி பெரும்பான்மையை இழந்தது. எதிர்க்கட்சியின் நம்பிக்கையில்லாப் பிரேரணை காத்திருந்த நிலையில், ஜூலை 10 ஆம் திகதி ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கூட்டத்தொடரை முடித்துவைத்து, அடுத்த திகதியாக செப்டெம்பர் 7 ஐக் குறித்தார். இரண்டு மாத எல்லைக்கு மூன்று நாட்களே குறைவு. அவ்விடைவெளிக்குள் மக்கள் விடுதலை முன்னணியுடனான பேச்சுக்கள் கனிந்து, செப்டெம்பர் 5 ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அக்டோபர் 10 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இரண்டாவது நிகழ்வைத் தமிழ் வாசகர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபைக்கான யோசனைகளை விடுதலைப் புலிகள் 2003 அக்டோபர் 31 ஆம் திகதி கையளித்தனர். நவம்பர் 4 ஆம் திகதி, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வாஷிங்டனில் இருந்த வேளையில், ஜனாதிபதி பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், வெகுசனத் தொடர்பு ஆகிய மூன்று அமைச்சுகளைத் தம்வசமாக்கிக்கொண்டார். அதே நாளில் பாராளுமன்றக் கூட்டத்தொடரையும் நவம்பர் 19 வரை முடித்துவைத்தார். காலம் இரண்டே வாரங்கள்தான். ஆயினும் பிரதமருக்குப் பெரும்பான்மை இருந்த ஒரே இடம், அது மிகவும் தேவைப்பட்ட அந்த இரண்டு வாரங்களில் மூடப்பட்டிருந்தது. ‘ஒத்திவைப்பு’ என்ற சொல்லை மாத்திரம் கண்ட வாசகர் அதனை வழமையான விடுமுறை என்று எண்ணியிருந்தால், குறை அவருடையதன்று.

மூன்றாவது, 2018 ஆம் ஆண்டினது. அக்டோபர் 26 ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கியதாக அறிவித்து மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தார். மறுநாளே கூட்டத்தொடர் நவம்பர் 16 வரை முடித்துவைக்கப்பட்டது. பின்னர் நவம்பர் 14 இல் கூடுமாறு திகதி முற்படுத்தப்பட்டது. அதற்கும் முன்பாக நவம்பர் 9 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆக இரண்டு வாரங்களுக்குள் 70 ஆவது உறுப்புரையின் மூன்று வினைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளப்பட்டன. உயர் நீதிமன்றம் நவம்பர் 13 இல் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களைக் கொண்ட ஆயம், கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 19 ஆவது திருத்தத்தின்படி நாலரை ஆண்டுகள் கழியும் முன்னர், மூன்றில் இரண்டு பெரும்பான்மைத் தீர்மானமின்றி அப்போது கலைக்க இயலாதிருந்தது என்பதே விடயம். கவனிக்கவேண்டியது யாதெனில், அத்தீர்ப்பு ‘கலைத்தல்’ என்ற வினையைப் பற்றியது, ‘முடித்துவைத்தல்’ பற்றியதன்று. இவ்விரண்டுக்கும் வேறுபட்ட தடைகள் இருப்பதை அறியாதவர் அத்தீர்ப்பின் எல்லையை விளங்கிக்கொள்ள இயலாது.

எல்லா முடித்துவைப்புகளும் சூழ்ச்சியானவை என்று கொள்ளுதல் தவறு. புதிய கூட்டத்தொடரின் தொடக்கத்தில் ஜனாதிபதி அரசாங்கத்தின் கொள்கைக் கூற்றை முன்வைப்பது மரபு. அதற்கு வழிவிடும் பொருட்டும் பழைய கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படும். 2022 ஜூலை 28 நள்ளிரவு முடித்துவைக்கப்பட்டு ஆகஸ்ட் 3 இல் தொடங்கியதும், 2023, 2024 ஆம் ஆண்டுகளின் ஜனவரி மாத இறுதியில் நிகழ்ந்தவையும் சில நாட்களே நீடித்தன. எனினும் அந்தச் சில நாட்களுக்கும் ஒரு விலை உண்டு. பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு, அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு முதலியன கூட்டத்தொடருடன் முடிவுக்கு வந்து, உறுப்பினர்கள் புதிதாக நியமிக்கப்பட வேண்டியிருக்கும். 2024 ஜனவரி முடித்துவைப்பின் பின்னர் ‘கோப்’ குழு புதிதாக அமைக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் ரோஹித அபேகுணவர்தன தலைவராகத் தெரிவானதும், அதனை ஆட்சேபித்து உறுப்பினர்கள் பலர் குழுவிலிருந்து விலகியதும் நினைவிருக்கலாம். வெறும் ‘ஒத்திவைப்பு’ ஆக இருந்திருப்பின் அக்குழு கலைந்திருக்காது.

பிறநாட்டு அனுபவங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கனடாவில் 2008 டிசம்பர் 4 ஆம் திகதி, எதிர்க்கட்சிகள் ஒன்றிணைந்து அரசாங்கத்தைக் கவிழ்க்கவிருந்த தருணத்தில், பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் வேண்டுகோளை ஆளுநர் நாயகம் ஏற்று, கூட்டத்தொடரை அடுத்த ஜனவரி 26 வரை முடித்துவைத்தார். அதுவரை சட்டக் கல்லூரிச் சொல்லாக இருந்த ‘புரொரோக்’ அன்று முதல் கனேடிய வீடுகளின் பேச்சுச் சொல்லாயிற்று. 2025 ஜனவரி 6 இல் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பதவி விலகும் எண்ணத்தை அறிவித்த நாளிலும் இதே நடைமுறையே கையாளப்பட்டது.

பிரிட்டனில் பிரதமர் பொரிஸ் ஜோன்சனின் ஆலோசனைப்படி 2019 செப்டெம்பரில் ஐந்து வாரங்களுக்குச் செய்யப்பட்ட முடித்துவைப்பை, அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசர்களும் செப்டெம்பர் 24 ஆம் திகதி ஏகமனதாகச் சட்டவிரோதமெனத் தீர்த்தனர். ‘அட்ஜேர்ன்’, ‘புரொரோக்’, ‘டிசோல்வ்’ ஆகியன எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அத்தீர்ப்பு தெளிவுற விளக்குகின்றது. முடித்துவைப்பே செல்லாததாகிவிட்டமையால் மறுநாள் கூடிய சபை புதிய கூட்டத்தொடரைத் தொடங்கவில்லை, பழையதையே தொடர்ந்தது.

இச்சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்வது அரசியல் தலைவர்களுக்கிடையே மனத்தாங்கலை உண்டாக்கியதும் உண்டு. 2022 பெப்ரவரி 12 ஆம் திகதி மேற்கு வங்க ஆளுநர் ஜகதீப் தன்கர், அம்மாநிலச் சட்டப்பேரவையை ‘புரொரோக்’ செய்ததாக டுவிட்டரில் அறிவித்தார். ஆளுநருக்கும் அம்மாநில அரசுக்கும் நெடும்பகை நிலவிய காலம் அது. பேரவை முடக்கப்பட்டுவிட்டதென்றே பலரும் எண்ணினர். தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதனைக் கண்டித்தார். மாநில அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்கவே வழமையான முறையில் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது என்று ஆளுநர் பதிலளித்தார். இந்திய நடைமுறையில், பேரவைத் தலைவர் சபையைத் திகதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பது ஒன்று. அதன் பின்னர் ஆளுநர் கூட்டத்தொடரை முடித்துவைப்பது வேறொன்று. முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாதிருக்கும் இடைவேளையில் சபை சட்டப்படி கூட்டத்தொடரிலேயே இருக்கின்றது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘ஒத்துதல்’ என்றால் விலகுதல் என்றும் பொருளுண்டு. ஆகவே ‘ஒத்திவைத்தல்’ விலக்கிவைத்தல், தள்ளிவைத்தல் ஆகின்றது. ‘அட்ஜேர்ன்’ என்பதற்கு இதனிலும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது. எமது பாராளுமன்ற வழக்கில் ‘சபை ஒத்திவைப்புவேளைப் பிரேரணை’ என்ற தொடர் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்டது. அதில் வரும் ‘ஒத்திவைப்பு’ சபையே செய்துகொள்வது. அதே சொல்லை ஜனாதிபதியின் பிரகடனத்துக்கும் வழங்கும்போது இரண்டு வேறுபட்ட அதிகாரங்கள் ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்கின்றன. (தேசவழமை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு ‘ஒற்றி’ வேறொன்றை நினைவூட்டும். ஒற்றிவைத்த காணி விற்கப்படுவதில்லை, மீட்டுக்கொள்ளலாம், ஆனால் இடைக்கால விளைச்சல் மற்றவருக்கே. பேச்சு வழக்கில் அதுவும் ‘ஒத்தி’ ஆகிவிடுகின்றது. வேறு சொல்லாயினும், 2003 நவம்பருக்குப் பொருத்தமாகத்தான் தோன்றுகின்றது.)

‘முடக்கம்’ என்ற சொல் தலைப்புகளில் உரத்து ஒலிக்கின்றது. ஆனால் அது தீர்ப்பையும் தன்னுடனே கொண்டுவருகின்றது. கொள்கைக் கூற்றுக்காகச் செய்யப்படும் ஐந்து நாள் இடைவெளியை முடக்கம் என்பது மிகை. அச்சொல் கருத்துரைக்கு ஆகும், செய்திக்கு ஆகாது. ‘இடைநிறுத்தம்’ என்பதை ‘சஸ்பெண்ட்’ ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டில் வழங்கும் ‘கூட்டத்தொடரை முடித்துவைத்தல்’ என்பதே எமக்கு உகந்ததாகப் படுகின்றது. நீளமாயிருப்பதே அதன் குறை. அதனை ஏற்றுக்கொள்வதாயின் ‘அமர்வு’ என்பதைச் சபை கூடும் ஒரு நாளுக்கும் ‘கூட்டத்தொடர்’ என்பதை அத்தகைய நாட்களின் முழுத் தொகுதிக்கும் என்று கண்டிப்பாகப் பிரித்தாள வேண்டும். இப்போது இரண்டும் மாறிமாறி வழங்கப்படுகின்றன.

மற்றொரு குறிப்பு இலக்கணம் சார்ந்தது. ‘பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவர் எவர் என்பது தென்படுவதில்லை. ‘சபை ஒத்திவைத்தது’ என்றோ ‘ஜனாதிபதி முடித்துவைத்தார்’ என்றோ செய்வினையில் எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். அவ்வாறே ‘நவம்பர் 16 வரை’ என்பதற்குப் பதிலாக, ‘கூட்டத்தொடரை ஜனாதிபதி முடித்துவைத்தார், அடுத்த கூட்டத்தொடர் நவம்பர் 16 இல்’ என்று இரண்டாகப் பிரித்தெழுதுவது நலம். முன்னைய கூட்டத்தொடர் முடிந்துவிட்டது என்பதும், அடுத்தது வேறொன்று என்பதும், அத்திகதி முற்படுத்தப்படக் கூடியது என்பதும் அதில் தாமாகவே விளங்கும்.